வெள்ளிக் கோட்டுக் குழல்காரன்

"இதைப் புல்லாங்குழல்னு சொன்னா, எங்க வீட்டுக் கெட்டில்கூட பெரிய வித்வான்தான்."

டிம்ப்னா நிமிர்ந்து பார்த்தாள். காபிக் கடை மேசைக்கு எதிரே, நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவர் விரல் அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்த இசைத்தட்டைக் காட்டியது. அட்டையில் லோர்கன் ஃபீனி வெள்ளி நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, கடல் பாறை ஒன்றின்மேல் ஒற்றைக் காலில் நின்று குழல் ஊதிக்கொண்டிருந்தான்.

"உக்காரலாமா டீச்சர்? குழல் சொல்லிக்குடுக்கறவங்க, பேப்பர்ல விமர்சனம் எழுதறவங்க எல்லாம் நீங்கதான்னு கவுண்டர்ல சொன்னாங்க. நான் ராஸ்காமன் பக்கம். ஒரு பழைய டிராக்டர் பாக்க வந்தேன்."

டிம்ப்னா தலையை மட்டும் ஆட்டினாள். ஐந்து மணிக்குள் அந்தத் தட்டின் விமர்சனத்தைப் பேப்பருக்கு அனுப்ப வேண்டும். இப்போது மணி நாலு. ஒரு வரிகூட எழுதியபாடில்லை.

எங்கள் ஊர் எனிஸ்டைமனில் குழல் வாசிக்கும் பெரிய தலைகள் லோர்கனுக்கு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: வெறும் ஆர்ப்பாட்டக்காரன். ஆனால் டிம்ப்னா அந்தத் தட்டை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மூன்று முறை கேட்டிருந்தாள். பிடித்துத் தொலைத்தது. அதை எழுதினால், ஞாயிறு மதியம் மதுக்கடையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும்போது அவளுக்கு இடம் இருக்காது. இருபது வருடமாக உட்கார்ந்த நாற்காலி. எங்கள் ஊரில் ஒருவர்மேல் கோபம் என்றால் சண்டை போட மாட்டோம். நாற்காலியில் ஒரு குடையை வைத்துவிட்டு, "ஆள் வராங்க" என்று சொல்லிவிடுவோம்.

"முதல் பாட்டையே எடுத்துக்குங்க," என்றபடி பெரியவர் தனக்கொரு தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ஆடறதுக்குன்னே இருக்கிற ரீல் மெட்டு. இவன் ஊதற வேகத்துக்கு ஆடினா காலு சுளுக்கிக்கும்."

"என் காலு தானா தாளம் போட்டுச்சு. சுளுக்கலையே."

"மேடையில புகை விடறானாமே?"

"புகை தட்டுல கேக்காதுங்க."

"குழலை விரல்ல சுத்திச் சுத்தி வித்தை காட்டறான்."

"சுத்தறப்போ வாசிக்கலை. வாசிக்கறப்போ சுத்தலை. எனக்கு அது போதும்."

பெரியவர் விடுவதாக இல்லை. "நாலாவது பாட்டு. சரியா ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டுல மூச்சு இழுக்கறான், கேட்டீங்களா? தண்ணியில முழுகிட்டு எழுந்த மாடு மாதிரி."

"இழுத்தா என்ன? மரக்குழல் ஊதறவனும் மனுஷன்தானே. அந்த இடத்துல ஒரு சுரத்தை விட்டுட்டு மூச்சு எடுக்கறான் பாருங்க, அதுலதான் அந்தப் பாட்டே துள்ளுது. அதை எங்கிட்டப் படிக்கற பசங்களுக்கு இன்னும் என்னால சொல்லிக்குடுக்க முடியலை."

சொன்ன பிறகுதான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அவளுக்கே தெரிந்தது. பக்கத்து மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். எங்கள் ஊரில் ஒருவரை வானளாவப் புகழ்வதென்றால் "மோசமில்லை" என்போம். இவளோ "துள்ளுது" என்கிறாள்.

"அப்ப ஏழாவது பாட்டு?" என்றார் பெரியவர். "எழவு வீட்டுப் பாட்டு. அதைப் போய் இந்தக் கூத்தாடி தொடலாமா? அதுக்கெல்லாம் மனசு வேணும் டீச்சர். இவனுக்கு இருக்கிறது தலைமுடி மட்டும்தான்."

டிம்ப்னாவுக்குச் சுருக்கென்றது.

"அதை மட்டும் சொல்லாதீங்க. போன வருஷம் என் தங்கச்சி செத்தப்போ எனக்குச் சொட்டுக் கண்ணீர் வரலை. எல்லாரும் என்னைக் கல்லுன்னு நினைச்சாங்க. போன வாரம் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அழுதேன். உருளைக்கிழங்கை உரிச்சுக்கிட்டே, நின்ன இடத்துல நின்னு அழுதேன். கோட்டு வெள்ளியா இருந்தா எனக்கென்ன, தகரமா இருந்தா எனக்கென்ன?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். ஆள் மடங்கிவிட்டார் என்று டிம்ப்னாவுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.

"வாயால சொல்றது சுலபம்," என்றார். "இதையெல்லாம் பேப்பர்ல போடுவீங்களா? உங்க பேரோட?"

"போடறேன்."

"உங்க ஊர்க்காரங்க சும்மா விடுவாங்களா?"

"நாற்காலி தராட்டிப் போகட்டும், நின்னுக்கிட்டு வாசிக்கறேன். நிக்கறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லை."

மடிக்கணினியைத் திறந்து படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்து, நடுநடுவே "சே, சே" என்று சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு "சே"க்கும் அவள் ஒரு வரி கூட்டி எழுதினாள். ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பியும்விட்டாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நம்ம சங்கீதம் உருப்பட்ட மாதிரிதான்." பெரியவர் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தேநீரைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறினார். டிம்ப்னா சண்டையில் ஜெயித்த தெம்பில் இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னாள்.

தெருமுனையில் நின்ற வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும், பெரியவர் கைபேசியை எடுத்தார்.

"லோர்கன், அப்பாதான்டா பேசறேன். அந்த டீச்சர் அனுப்பிட்டாங்க, கண்ணால பாத்துட்டுத்தான் எழுந்தேன். என் புள்ளை நல்லா வாசிக்கறான்னு நான் போய் நின்னிருந்தா, இந்நேரம் உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க. சரி, போனை வை, கில்ரஷ்ல ரேடியோக்காரர் ஒருத்தர் இருக்காராம், அவர் வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள போய் உன்னைத் திட்டணும்."