பாதி வெட்டிய படம்

கடைசியாக அவர் படத்தின் எடிட்டிங்கைப் பாதியில் சேமித்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்துபோனவர் உயிரோடு திரும்பவில்லை. இப்போது அந்த நாற்காலியில் அவருடைய தம்பி உட்கார்ந்திருக்கிறான். திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக விழுகிறது. அண்ணி அவன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். "சாஃப்ட்வேர் புதுசு அண்ணி. அண்ணனோட ஃபைலை அதுக்கு மாத்தினாதான் படம் திறக்கும்." "மாத்தினா மறுபடி பழசுல திறக்குமா?" "திறக்காது." "அப்போ அவர் வெட்டினது எது, நீ வெட்டினது எதுன்னு யாருக்குத் தெரியும்? கடைசியில எடிட்டர்னு உன் பேரு வந்து உக்காந்துக்கும்." "என்ன அண்ணி, என்னைத் திருடன் மாதிரி பாக்கறீங்க?" "பாக்கத்தான் செய்வேன். முதல்ல அவர் ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடு." முகம் சுண்டிப்போய் அவன் காப்பி எடுக்கிறான். அவன் விரல்களை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவன் ஃபைலை மாற்ற, திரை ஒருமுறை இருண்டு, பொத்தான்களெல்லாம் இடம் மாறி, வேறு நிறத்தில் விரிகிறது. காட்சிகளின் வரிசைமேல் நிற்கும் சிவப்புக் கோடு மட்டும், அவர் நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே நிற்கிறது.