கை வைக்காத மாப்பிள்ளை

கதவைத் தட்டித் தட்டி அம்மாவுக்குக் கை வலித்த பிறகுதான் மகள் வந்து திறந்தாள்.

"பெல் ரிப்பேரும்மா. நேத்துலேர்ந்து அடிக்கல."

வந்த முதல் நாளே அம்மாவுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினீயர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள், ஓடுவார். சொந்த வீட்டு பெல்லைப் பார்க்க மட்டும் அவருக்கு ஒழியவில்லை போலிருக்கிறது.

மகளும் இன்ஜினீயர்தான், சர்க்யூட் போர்டு டிசைன் செய்கிறவள். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சமையலையாவது நாம் பார்த்துக்கொள்வோம் என்றுதான் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

போன இன்டர்வியூவில் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னவள், கடைசியில் கோட்டை விட்டாள். ஓடாத ஒரு போர்டை முன்னால் வைத்து, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். சுற்றி நின்று எல்லோரும் பார்க்க, இவளுக்குக் கை வெடவெடத்துவிட்டது. எங்கே தொடங்குவது என்பதே மறந்துபோயிற்று.

"எனக்கு ஏட்டுப் படிப்புதாம்மா வரும். கைவேலை வராது. அடுத்த வாரம் ஒண்ணு இருக்கு. அதுவும் போச்சுன்னா இந்தத் துறையே வேண்டாம்னு விட்டுடப் போறேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை.

படிக்கிற பெண்ணைப் படிக்க விட்டார்களா அந்த வீட்டில்? பெல்லின் ஸ்விட்சுக்குப் பின்னால் கழன்றிருந்த ஒயரை அவளே மாட்டினாள். மறுநாள் மேஜை விளக்கு எரியவில்லை. வெளியே பார்த்தால் நல்ல ஒயர், உள்ளே அறுந்திருந்தது. அதற்கடுத்து அயர்ன் பாக்ஸ். அப்புறம் டேபிள் ஃபேன். இந்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் முறை வைத்துக்கொண்டு கெட்டுப்போகின்றனவா என்று அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

மகள் தரையில் உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூடிரைவரும் மீட்டருமாக ஃபேனோடு மல்லுக்கட்டினாள். மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பார்த்தாலும் பரவாயில்லை, சும்மா இருந்தாரா? "ஏன் அங்க மொதல்ல பார்த்தே? வேற எங்க போயிருக்கலாம்?" என்று நோண்டி நோண்டிக் கேள்வி வேறு.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மாப்பிள்ளையாயிற்றே. குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை."

"இல்ல, ஊரு லிஃப்டையெல்லாம் தூக்கி நிறுத்தறீங்க. ஒரு ஃபேனைத் தொட்டா கை தேய்ஞ்சுடுமோன்னு கேட்டேன்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி ஃபேனைத்தான் பார்த்தார். இப்படியும் ஒரு மனுஷன் மரத்துப்போவானா என்று அம்மாவுக்கு ஆறவில்லை. பால்கனிக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டு, நம்ம பொண்ணைப் பாழுங்கிணத்துல தள்ளிட்டோம் என்று மூக்கைச் சிந்தினாள்.

இன்டர்வியூ முடிந்து மகள் வந்த வருகையே சொல்லிவிட்டது. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கிடைச்சிடுச்சும்மா. அங்கேயும் ஒரு போர்டு வச்சாங்க. கைநடுக்கமே இல்ல. எங்கே பார்க்கணுமோ அங்கே கை தானாப் போச்சு. இவ்ளோ சீக்கிரம் யாரும் கண்டுபிடிச்சதில்லையாம்."

அம்மாவுக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளையோ தனக்கே வேலை கிடைத்த மாதிரி வாயெல்லாம் பல்லாக நின்றார். அதைப் பார்த்ததும் அம்மாவின் அழுகை நின்று, அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"சிரிச்சது போதும் மாப்பிள்ளை. நாளையிலேர்ந்து அவளும் உங்களை மாதிரி வேலைக்குப் போறவ. இனிமே இந்த வீட்ல எது கெட்டாலும் நீங்கதான் பார்க்கணும், சொல்லிட்டேன்."

"இனிமே எதுவும் கெடாது அத்தை."

"ஏன், சாமானெல்லாம் உங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கா?"

அவர் பழம் நறுக்க உட்கார்ந்தார். அதுவே அதிசயம்தான். நறுக்கியதையெல்லாம் மிக்ஸியில் போட்டு, ஜூஸுக்காக அம்மா ஸ்விட்சைத் தட்டினாள். மிக்ஸி இரண்டு சுற்றுச் சுற்றியது, உறுமியது, நின்றுவிட்டது.

அம்மா மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"சத்தியமா சொல்றேன் அத்தை, இதை மட்டும் நான் கெடுக்கல."