பாதரின் காது

கோயில் மண்டபச் சுவரில் பங்குத்தந்தை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ இரவோடு இரவாகக் கரியால் கீறிய சித்திரம். காது ஒவ்வொன்றும் சுளகு அகலம், கீழே தொங்கும் சோணையில் ஒரு சுருள்.

"இது டில்ஷானிட வேலைதான். அவளை விட்டா இந்தப் பங்கில ஆருக்குக் கீறத் தெரியும்?" என்றார் பங்குச் சபை உறுப்பினர் கிளெமென்ற். பங்குக் கூட்டத்துக்குக் கொட்டாஞ்சேனையே திரண்டு வந்தது போல மண்டபம் நிறைந்திருந்தது. கதிரை கிடைக்காதவர்கள் யன்னலில் தொங்கினார்கள்.

பங்குச் சபைச் செயலாளர் ஒஸ்வால்ட் கூட்டக் குறிப்பேட்டைப் பட்டென்று மூடினார். டில்ஷானி அவருடைய மகள். திருவிழாவுக்குப் பீடத்தின் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலையை அவளே வரைவதென்று போன மாதம்தான் முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து பிள்ளையின் கால் தரையில் பாவவில்லை.

"திரையை வேற ஆளுக்குக் குடுங்கோ. பொலிசிலயும் ஒரு என்ட்ரி போடுவம்," என்றார் கிளெமென்ற்.

"பொலிசா?" ஒஸ்வால்ட் துள்ளி எழுந்தார். "கோயிலுக்கு மேல அரசாங்கம் எண்டு சொல்லுறதுக்கு எரஸ்தியனிசம் எண்டு பேர். எரஸ்துஸ் எண்ட டொக்டரிட பேரில வந்த சொல். இங்க அது நடக்காது!"

"அப்ப மொரெல்லி முறையில பாப்பம்," என்றார் சித்திர ரீச்சர் யூஜினா. "மொரெல்லியும் டொக்டருக்குப் படிச்சவர்தான். காதையும் நகத்தையும் பாத்தே படம் ஆர் கீறினதெண்டு சொல்லிப்போடுவார். காது ஆளுக்காள் வேற மாதிரித்தான் வரும். எல்லாரும் ஒரு காது கீறுங்கோ!"

"இந்த டொக்டர்மாருக்கு நோயாளிகளே வரேல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மண்டபம் குலுங்கியது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் படத்தில் இருந்த பாதர்தான். கடதாசியும் பென்சிலும் அவரே ஓடி ஓடிக் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் காதுகள் குவிந்தன. கிளெமென்றின் காது உளுந்து வடை போலிருந்தது. டில்ஷானியின் காதில் சோணை நேராக இறங்கியது, சுருள் கிடையாது.

"வேணுமெண்டு மாத்திக் கீறியிருப்பா," என்று முறைத்தார் கிளெமென்ற்.

"அங்க பாருங்கோ, போன கிறிஸ்மசுக்கு அவள் கீறின சிறகு விரிச்ச சம்மனசுகள். பன்னிரண்டுக்கும் இதே காது!" என்று மேடைச் சுவரைக் காட்டினார் ரீச்சர்.

ஒஸ்வால்டுக்குப் போன உயிர் திரும்பியது. சபை என்றும் பாராமல் மகளைக் கட்டிப்பிடித்தார்.

அப்போதுதான் ரீச்சரின் பார்வை பாதரின் கையில் மிஞ்சியிருந்த கடதாசியில் விழுந்தது. எல்லோரும் கீறும்போது அவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. ரீச்சர் மெல்ல அதை உருவி உயர்த்திப் பிடித்தார்.

சுளகுக் காது. சோணையில் சுருள்.

யன்னலில் தொங்கியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதர் தலையைச் சொறிந்தார்.

"பின்ன, போன கூட்டத்துக்கு நாலே நாலு பேர்தானே வந்தனீங்கள்!"