ரிக்மோரின் பார்வை

மைக்கென் காபியை நிறுத்தி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மேஸ்திரி ரிக்மோருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

காலை இடைவேளையில் எல்லோர் கோப்பையையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே வந்தவள், மைக்கெனின் வெந்நீர்க் கோப்பைக்கு முன்னால் நின்றாள். பிறகு மைக்கெனின் வயிற்றைப் பார்த்தாள். ரப்பர் செருப்பில் சத்தமே இல்லாமல் போய்விட்டாள்.

"போச்சு. மூட்டையைக் கட்டிக்கோடி," என்றாள் பக்கத்தில் இருந்த பியா. "போன வருஷம் லோனெ. அதுக்கு முன்னாடி கிர்ஸ்டன். மேஸ்திரியம்மா வயித்தைப் பார்த்தாள்னா அந்த வெள்ளிக்கிழமை சீட்டு கிழிஞ்சுடும்."

"நான் இன்னும் உண்டாகவே இல்லையே."

"உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். சூனியக்காரி. தனக்கு ஒண்ணு இல்லேங்கிற வயித்தெரிச்சல், வேறென்ன."

பூச்செடி வளர்க்கும் அந்தக் கண்ணாடிக்கூடமே மைக்கெனுக்கு எப்போதும் ஒரு மாதிரிதான். வெளியே ஃபுயூன் தீவின் டிசம்பர் இருட்டு, உள்ளே செடிகளுக்கான ஊதா விளக்கு. அதில் யாரைப் பார்த்தாலும் பிணக்களை. கண்ணுக்கெட்டிய தூரம் பூந்தொட்டிகள் இருந்தும், இந்த ஏழு வருஷத்தில் ஒரு ஈயை, ஒரு சிலந்தியை அவள் பார்த்ததில்லை. பூச்சிமருந்தடித்த மறுநாள் மட்டும் லேசாக ஒரு தித்திப்பு வாசம் நிற்கும்.

ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. வயது முப்பத்து நாலு. டாக்டர் சொன்னதையெல்லாம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிகரெட் போச்சு, ஒயின் போச்சு, இப்போது காபியும் போச்சு. பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக எதையும் வைப்பதில்லை. கீரை, மீன், முழுத்தானிய ரொட்டி. இதே கம்பெனியில் லாரி ஓட்டும் அவள் கணவன் யெப்பெகூட வெள்ளிக்கிழமை பீரை விட்டுவிட்டான்.

புதன்கிழமை ரிக்மோர் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள். ரிக்மோர் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மைக்கென் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கையுறை எங்கே?"

"அதைப் போட்டா வேலை ஓடாதே. இங்க யாருமே போடுறதில்லை."

"ரெண்டு கலைஞ்சுது, இல்லையா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ரெண்டு திங்கட்கிழமை கண்ணு வீங்கி வந்தே. சரி, இந்த வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ."

மைக்கெனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்குப் பிள்ளை இல்லைங்கிறதுக்காக ஊர்ல எவளுக்கும் இருக்கக் கூடாதா?"

ரிக்மோர் கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு நாலு," என்றாள். "நாலும் இந்தக் கூடத்துல நின்னு வேலை பார்த்தப்பதான். ஒண்ணும் பத்து வாரம் தாண்டலை."

மைக்கென் தன் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாய்க்குள்ள போறதையெல்லாம் அளந்து அளந்து பார்க்கிறே. கை வழியா உள்ள போறதை விட்டுட்டியே. இலையில படிஞ்ச பூச்சிமருந்துதான் காரணம்னு காட்ட என்கிட்ட ஒரு காகிதம் கிடையாது. கர்ப்பம்னு டாக்டர் சீட்டு குடுத்தா வேற இடத்துக்கு மாத்துவாங்க, வாஸ்தவம். சீட்டு வர்றதுக்குள்ளேயே கரைஞ்சு போயிடுதே. அதான் கோப்பையைப் பார்க்கிறேன். காபியை விடுறவ பிள்ளைக்குத் தயாராகிறா."

"எல்லார்கிட்டயும் வெளிப்படையாச் சொல்லலாமே?"

"சொன்ன அன்னிக்கே என்னை அனுப்பிடுவாங்க. அப்புறம் கோப்பையை யார் பார்ப்பா? லோனெக்கு இப்போ ஒரு பையன். கிர்ஸ்டனுக்கு ரெட்டை. உனக்குப் பேக்கரியில பேசி வெச்சிருக்கேன், திங்கட்கிழமை போய் நில்லு."

மைக்கென் அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் இவளையா கரித்துக்கொட்டினோம் என்றிருந்தது.

"அழுது என்ன ஆகப்போகுது. எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. உன் இடத்துக்கு லிதுவேனியாவிலேர்ந்து ஒரு பொண்ணு வர்றா, பேரு ரூட்டா. கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆச்சாம். நான் கூப்பிட்டுச் சொன்னா மிரண்டு போயிடுவா. நீ வேலை கத்துக்குடுக்கும்போது விஷயத்தைக் காதோட போட்டு வை."

"சத்தியமா அவகிட்ட சொல்லிடறேன்," என்றாள் மைக்கென்.

வெள்ளிக்கிழமை ரூட்டா வந்தாள். துறுதுறுவென்று நல்ல பெண். மைக்கென் செய்து காட்டியதைப் பார்த்து, வெறுங்கையாலேயே வாடிய இலைகளைக் கிள்ளிப் போட்டாள். இரண்டு வரிசை தள்ளி மேலாளர் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நல்ல வேலையாத்தானே இருக்கு. நீங்க ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

மைக்கென் வாயைத் திறந்தாள். மேலாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். யெப்பெயின் முகம் அவள் கண்முன் வந்தது. தன் வேலைதான் போகிறது, அவன் வேலையும் போய்விட்டால்?

"ஏதாவது பிரச்சினையா, அக்கா?"

"வேலையில ஒரு பிரச்சினையும் இல்லை."

மேலாளர் மறுபடி எண்ண ஆரம்பித்தார். ரூட்டா பதிலுக்காக இன்னும் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கெனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது.

"எல்லாம் அந்த ரிக்மோரால வந்தது. பிள்ளைக்கு ஆசைப்படுறவளை அவ இங்க இருக்க விட மாட்டா. உனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்தா, அவளுக்கு மட்டும் தெரியாம மறைச்சுக்கோ."