மாப்பிள்ளைக்குக் கஷாயம்

செருப்பைக்கூடக் கழற்றாமல் மீன் தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள் என் மனைவி.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசம். கட்டியை எடுத்தாயிற்று, இனி ஓய்வு போதும் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன். படுக்கைக்குப் புது விரிப்பு போட்டு, தலையணையை உயர்த்தி, மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். அவள் அந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை.

“மாப்பிள்ளை…” என்று நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள்.

மாப்பிள்ளை என்பது நீல நிற ஃபைட்டர் மீன். வேலை வெட்டி இல்லாமல், வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பாட்டை எதிர்பார்த்து மிதந்துகொண்டிருப்பதால் அவள் வைத்த பெயர்.

மாப்பிள்ளை செத்து எட்டு நாள் ஆகிறது.

அவளுக்கு அது தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் தொட்டித் தண்ணீரை அவ்வளவு கருப்பாக்கி வைத்திருந்தேன்.

காய்ந்த பாதாம் இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டால் அதன் துவர்ப்பு மெல்ல இறங்கி, பால் விடாத தேநீர் நிறத்துக்கு வரும். மாப்பிள்ளை கடையிலிருந்து வரும்போதே வால் கிழிந்துதான் வந்தார். “கஷாயத்துல இருந்தாத்தான் புண்ணு ஆறும்” என்று சொல்லி இலை மாற்றுவாள். ஆறியும் வந்தது.

எனக்கு அது அழுக்குத் தண்ணீர்.

என் அக்காவுக்கும் அப்படித்தான். போன தடவை வந்தபோது, “ஏண்டா, சாக்கடையை எதுக்குடா கூடத்துல வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அக்கா வருவதாக இருந்தது. காலையிலேயே இலையை எடுத்து எறிந்தேன். மீனைச் சொம்பில் விட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கண்ணாடியைத் தேய்த்தேன். குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து ஊற்றி, மீனை விட்டேன்.

தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் பாதிக்கு மேல் மாற்றக் கூடாது என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. அக்கா பதினோரு மணிக்கு வந்துவிடுவாள் என்பதும் நினைவில் இருந்தது.

“இப்பத்தாண்டா வீடு மாதிரி இருக்கு” என்றாள் அக்கா.

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஒருக்களித்து மிதந்தார். தேநீர் வடிகட்டியால் எடுத்தேன். பிறகு வடிகட்டியைக் கழுவி, அது தொங்கிய ஆணியிலேயே மாட்டினேன்.

அன்றைக்கே தெருமுனைப் பாதாம் மரத்தடியில் ஐந்து இலைகளைப் பொறுக்கிவந்து ஒன்றாகப் போட்டேன். மூன்றே நாளில் தொட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்பாள். “மாப்பிள்ளை என்ன பண்றார்?”

“இலைக்கு அடியில தூங்கறார்.”

சிரித்தால் தையல் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது டப்பாவைத் திறந்து ஓர் உருண்டைத் தீனியை விரல் நுனியில் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். அது மிதந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊறி, உப்பி, மெல்ல அடிக்குப் போய்விட்டது.

“தூங்கறார் போல இருக்கு. நீ வந்து படும்மா.”

அவள் திரும்பவில்லை. “ஃபைட்டர் மீன் தண்ணிக்குள்ளேயே கிடக்காதுங்க. அடிக்கடி மேல வந்து காத்து குடிச்சே ஆகணும். பத்து நிமிஷமா உட்கார்ந்திருக்கேன்.”

எனக்கு அது தெரியாது. இத்தனை இலை போட்டவனுக்கு அந்த ஒன்று மட்டும் தெரியாது.

காது மடல் சுட்டது. நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல், நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அக்கா. சோப்பு. குழாய்த் தண்ணீர். வடிகட்டியைக்கூட விடவில்லை.

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. சொல்லி முடித்ததும் எனக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அப்படி இருந்ததற்காகவும் வெட்கப்பட்டேன்.

“எனக்கு அங்கேயே சந்தேகந்தான்” என்றாள். “பொய் சொல்றப்ப மட்டும் உங்க குரல் அவ்வளவு கனிவா வரும். மத்த நேரத்துல எரிஞ்சு விழுவீங்க.”

நான் சிரிக்கப் பார்த்தேன்.

“முந்தாநாள் டாக்டர் உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டாரே. வெளியே வந்து, ‘ஒண்ணுமில்லம்மா’ன்னு சொன்னீங்க.”

ஈர விரலைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுவும் இதே குரல்தாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. டாக்டர் கொடுத்து, இரண்டு நாளாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருந்த பரிசோதனைத் தாள் உள்ளே மொடமொடத்தது.

அவள் கையை நீட்டினாள்.