சவுரி வாங்கப் போன இடத்தில்

கடைக்குள் கால் வைத்ததுமே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"என் தம்பி பொண்டாட்டிக்கு முடி பாதிக்கு மேல கொட்டிப்போச்சு. நல்ல சவுரியா எடுத்துக் காட்டுங்க."

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். நாத்தனாருக்குப் பின்னால் நின்ற அவளுக்குக் காது மடல் சுட்டது. தலையில் சுற்றியிருந்த துணியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது முடியையும் கொண்டுபோனது. திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதுவரை லீவு கிடைக்காதே. கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை. உள்ளே வருகிற எல்லோரும் முதலில் பார்ப்பது அவளைத்தான்.

யாருக்கும் தெரியாமல் தனியாக வந்து வாங்கிப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கணவன் அக்காவிடம் உளறிவிட்டான். காலையிலேயே கைப்பையும் செருப்புமாக வந்து நின்றுவிட்டாள் நாத்தனார்.

வீட்டில் நாத்தனாருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். தக்காளியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். துணி எடுத்தால் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்த பிறகுதான் வெளிப்பக்கம் பார்ப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன்னையும் அப்படித்தான் புரட்டிப் பார்க்கிறாள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

கடைக்காரர் ஒரு கவரைப் பிரித்து, அசல் மனித முடி, புதுச் சரக்கு என்றார். பட்டு மாதிரி பளபளத்தது. அவளுக்குப் பிடித்துவிட்டது. கட்டிக் கொடுத்தால் ஓடிவிடலாம் போலிருந்தது.

நாத்தனார் அதை வாங்கி நுனியிலிருந்து மேலே தடவினாள். பிறகு மேலிருந்து கீழே தடவினாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்குதே. அசல் முடின்னா கீழேருந்து மேல தடவுறப்ப சொரசொரன்னு இருக்கணும். மேல என்னத்தையோ பூசியிருக்கீங்க. நாலு தடவை அலசினா சணல் மாதிரி ஆயிடும்."

அடுத்ததில் தையலைப் பிடித்து லேசாக இழுத்தாள். கையோடு முடி வந்தது. அதற்கடுத்ததில் ஓர் இழையை உருவி, தீப்பெட்டி கேட்டு வாங்கிக் கொளுத்தினாள். அது உருகிக் குட்டி மணியாகச் சுருண்டது. பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் என்று அந்தக் கண்ணாடிப் பெண்களுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

மெதுவாகப் பேசச் சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தும் பலனில்லை. குனியும்போது கழுத்துப் பக்கம் தெரியக் கூடாது, குழந்தை பிடித்து இழுத்தாலும் வரக் கூடாது, வேலைக்குப் போகிறவள், தினமும் போட வேண்டும் என்று நாத்தனார் வரிசையாக அடுக்கினாள். வேண்டுமென்றே மானத்தை வாங்குகிறாள் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கடைக்காரருக்கும் பொறுமை போய்விட்டது. நாத்தனாரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"முடி கொட்டினவங்களுக்கு இதுவே தாராளம்மா. தள்ளி நின்னு பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் எழுந்துவிட்டாள். "எதுவும் வேண்டாம்க்கா. போயிடலாம்."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தன் பின்னந்தலைக்குக் கொண்டுபோனாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். கிளிப் ஒன்று சொடக்கென்று திறந்தது. உச்சியை மூடியிருந்த முடியோடு சேர்ந்து கொண்டை அப்படியே கையோடு வந்தது.

அடியில் எலிவால் மாதிரி கொஞ்சம் முடி. உச்சியில் டியூப்லைட் வெளிச்சத்தில் தலைத்தோல் தெரிந்தது.

"இதைத் தடவிப் பாருங்க. ரெண்டு வருஷமா தினமும் போடுறேன். இந்தத் தரத்துல இருந்தா எடுங்க. இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

குரல் கொஞ்சம்கூடத் தாழவில்லை. கண்ணாடி முன்னால் இருந்த பெண்கள்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கடைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். நாத்தனார் தடவினாள், இழுத்தாள், கொளுத்தினாள். சாம்பல் விரலில் பொடிந்தது. தலையை ஆட்டிவிட்டு அவளிடம் நீட்டினாள்.

"நீயும் பாரு. உன் தலைக்குத்தானே."

அவள் அதை வாங்கவில்லை. மேஜைமேல் கிடந்த ஊசிகளை எடுத்துக்கொண்டு நாத்தனாருக்குப் பின்னால் போய் நின்று, கொண்டையைத் திரும்பப் பொருத்திவிட்டாள். பழக்கமில்லாத கை. கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. நாத்தனார் கண்ணாடியில் பார்த்தாள். குறை சொல்லவில்லை.

புதுச் சவுரியோடு படியிறங்கும்போது, கொண்டை விஷயம் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள். யாருக்கும் தெரியாது, உன் புருஷனுக்கும் தெரியாது என்றாள் நாத்தனார்.

"இவ்வளவு நாள் மறைச்சு வச்சிருக்கீங்க. கடையில மட்டும் ஏன்க்கா அவ்வளவு சத்தமா பேசினீங்க?"

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். முதல் தடவையாக அவள் குரல் தணிந்தது.

"முதல்ல வாங்கினப்ப நானும் தனியாத்தான் போனேன். யார் காதுலயாவது விழுந்துடுமோன்னு வாயைத் திறக்கல. மட்டமானதா பார்த்துத் தலையில கட்டிட்டாங்க."