நாலு மூலையிலும் மஞ்சள்

"இது என்னம்மா கறை?" விசா மையத்துப் பெண் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினாள். விசா ஒட்ட வேண்டிய வெற்றுப் பக்கம்.

"மஞ்சள்ங்க. புதுசுன்னு நாலு மூலையிலும் வெச்சேன்."

திலகவதிக்கு இதுதான் முதல் விசா. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது.

"சேதம்னு தூதரகத்துல திருப்பிடுவாங்களே! துடைச்சிட்டு வாங்க, மறுபடி கூப்பிடறேன்."

கழிவறைக்கு ஓடினாள். பதற்றத்தில் கைக்குட்டையைச் சோப்பில் நனைத்துத் தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை, சிவந்தது. சுண்ணாம்பு பட்டாலும் சோப்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? எத்தனை தாய்க்கும் பிள்ளைக்கும் ஆரத்தி கரைத்த கை!

"டோக்கன் நாற்பத்தி மூணு!" அவளுடைய எண்தான்.

அவள் பக்கத்தை ஊதிக்கொண்டே நின்றாள். மூலையிலிருந்து ஆரத்திச் சிவப்பு நடுப்பக்கத்துக்கு ஊறிக்கொண்டிருந்தது.